வராத பள்ளிகளின் கணக்கு: கேள்வி பதில்

பிசா, டிம்ஸ் போன்ற, பல நாடுகள் பங்கேற்கும் பெரிய மாணவர் மதிப்பீடுகளில், மாதிரியில் தேர்வான பள்ளிகள் எல்லாமே பங்கேற்க ஒத்துக்கொள்வதில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

சார், 200 பள்ளிகளில் 140 தான் சம்மதித்தன. 30 சதவீதம் போச்சு. முடிவை நம்பலாமா?

அந்த 30ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வராத பங்கை, வந்தவர்கள் சராசரிக்கும் வராதவர்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் வருவதுதான் சாய்வு, அதாவது நாம் அறிவிக்கும் சராசரி உண்மையிலிருந்து விலகும் அளவு. வந்தவை 510, வராதவை எழுதியிருந்தால் 480 என்று வைப்போம். 0.3 × 30 = 9. உண்மைச் சராசரி 501, நீங்கள் அறிவிப்பதோ 510. வராதவையும் 510 எடுத்திருக்கும் என்றால் சாய்வே இல்லை. மாறாக, 10 சதவீதப் பள்ளிகளே விடுபட்டு, அவை 100 புள்ளி பின்தங்கியவை என்றால் சாய்வு 10. வம்பு என்னவென்றால், அந்த 480 நம் கையில் கிடைக்கவே கிடைக்காது.

அப்போ எதை வைத்து ஆராய்வது?

வராத பள்ளியைப் பற்றியும் தெரிந்த தகவல்களை வைத்துத்தான். அரசுப் பள்ளியா தனியாரா, நகரமா கிராமமா, எத்தனை பிள்ளைகள், பழைய பொதுத்தேர்வு முடிவு. முழு மாதிரியையும் வந்தவற்றையும் இவற்றில் ஒப்பிடுங்கள். பழைய தேர்வு முடிவு கிடைத்தால் அதை முதலில் எடுங்கள். மதிப்பெண்ணோடு அவ்வளவு நெருக்கமாகப் போகும் தகவல் வேறில்லை.

எடையில் கவனம். எடை என்பது கணக்கில் ஒரு பள்ளிக்குக் கொடுக்கும் பங்கு. முதல் ஒப்பீட்டுக்கு அடிப்படை எடை, அதாவது தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழ். ஒருமுறை நான் தெரியாமல், பங்கேற்காமைக்காகச் சரிசெய்த எடையை (வராதவற்றை ஈடுகட்ட வந்தவற்றுக்குக் கூட்டிய எடை) போட்டு ஓட்டிவிட்டேன். பள்ளி வகையில் வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யம்! அரைநாள் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அந்தச் சரிசெய்தலே பள்ளி வகையை வைத்துத்தான் நடந்திருந்தது. பூஜ்யம் வராமல் வேறென்ன வரும்?

முழு மாதிரிக்கும் வந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கும் எல்லா டி-டெஸ்டும் சிக்னிஃபிகன்ட் (தற்செயலைத் தாண்டியது) இல்லை என்று வந்தது. "சாய்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். பள்ளி எண்ணிக்கை குறைவு என்றால் பெரிய வித்தியாசம்கூட சோதனையில் தப்பிவிடும். "நாங்கள் பார்த்த தகவல்களில் சாய்வுக்குச் சான்று கிடைக்கவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். வித்தியாசத்தின் அளவையும் போடுங்கள். கூடவே, வந்ததா இல்லையா என்பதை விளைவாக வைத்து ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (எல்லாத் தகவல்களையும் ஒரே நேரத்தில் சேர்த்து, வரும் வாய்ப்பைக் கணிக்கும் முறை). தனித்தனியாகப் பார்க்கும்போது கிராமம், சிறிய பள்ளி இரண்டும் குற்றவாளி மாதிரி தெரியும். சேர்த்துப் பார்த்தால் பல நேரம் ஒன்றுதான் மிஞ்சும்.

மறுத்தவற்றுக்குப் பதிலாக மாற்றுப் பள்ளிகளைச் சேர்த்தபின் பங்கேற்பு வீதம் நன்றாக ஏறிவிட்டதே?

வீதம் ஏறும். சாய்வு இறங்கியதா என்பது தனிக் கேள்வி. மாற்றுப் பள்ளி, வரிசைப்படுத்திய பட்டியலில் மறுத்த பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது. அளவிலும் வகையிலும் ஒத்துப்போகலாம். ஆனால் மறுத்த பள்ளி ஏன் மறுத்ததோ, அந்தக் காரணம் இதற்கு இல்லை. அதனால் மாற்றுப் பள்ளிகள் இல்லாமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை, கடைசியாகச் சரிசெய்த எடையோடு ஒருமுறை என்று மூன்று தடவை ஓட்டுங்கள்.

மூடிப்போன பள்ளியையும் வராத கணக்கில் சேர்க்கணுமா?

வேண்டாம். தகுதியில்லாத பள்ளியை, பங்கேற்பு வீதத்தில் வகுக்கும் எண்ணிலிருந்தே (மொத்தப் பள்ளிகள்) எடுத்துவிடுங்கள்.

பள்ளிப் பங்கேற்புக்கு பிசா வைத்திருக்கும் 85 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டால் நிம்மதிதானே?

அந்த வரம்பு முதலில் தேர்வான பள்ளிகளுக்கு. 65க்கும் 85க்கும் நடுவில் என்றால் மாற்றுப் பள்ளிகளைக் கொண்டு ஈடுகட்டலாம். பங்கேற்பு போதாமல் 2000இல் நெதர்லாந்தும் 2003இல் பிரிட்டனும் முதன்மை ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறவில்லை.

நிம்மதிக்கு வருவோம். இங்கிலாந்தில் தேசியத் தேர்வு மதிப்பெண்களை பிசா மாதிரியோடு இணைத்து, வராதவர்களின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். தரவு ஏற்கப்பட்ட 2000, ஏற்கப்படாத 2003, இரண்டிலும் சாய்வு இருந்தது. சற்றே கூடுதல் வீதம் இருந்ததால் 2000இன் தரவு மேல் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை.