சிம் லாக் இல்லையென்றால் பூட்லோடர் திறக்குமா?

கேள்வி: கூகுளின் பழைய பிக்சல் 6 போன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதில் கூகுள் தந்த சிஸ்டத்துக்குப் பதில் லினேஜ் ஓஎஸ் என்ற வேறு ஆண்ட்ராய்டைப் போட ஆசை. "அன்லாக் ஆன போன்தான், எந்த சிம்மும் எடுக்கும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது சிம் லாக், அதாவது ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் எடுக்கும்படி போட்ட பூட்டு. நீங்கள் திறக்க வேண்டியது பூட்லோடர் லாக். போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல்தான் பூட்லோடர்; அது பூட்டியிருந்தால் வேறு சிஸ்டம் போட முடியாது. இரண்டும் வேறு வேறு. பிக்சல் 6-ஐ கூகுள் இந்தியாவில் விற்கவே இல்லை. இங்கே கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் அமெரிக்காவின் வெரைசான் என்ற செல்போன் சேவை நிறுவனம் விற்ற போனும் இருக்கலாம். சிம் லாக் நீங்கியபின் அதில் நம்மூர் சிம் வேலை செய்யும். பூட்லோடர் மட்டும் திறக்காது.

அதனால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், 'பில்ட் நம்பர்' மேல் ஏழு முறை தட்டுங்கள். பிறகு 'சிஸ்டம்', 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஓஇஎம் அன்லாக்கிங்' (பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் பட்டன்). அந்த பட்டனைத் தள்ளிப் பாருங்கள். ரீசெட் செய்த போனில் இணையம் கிடைக்கும்வரை அது மங்கலாகவே இருக்கும். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் தள்ள முடியாவிட்டால் அந்த போன் வேண்டாம். "ரீசெட் பண்ணினா சரியாயிடும்" என்பார்கள். வெரைசான் போனில் ஆகாது. விற்றவரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே உறுதி செய்யுங்கள்.

பட்டன் நகர்ந்தால் மீதி சுலபம். ஆனால் பூட்லோடரை அன்லாக் செய்யும் கணமே போனில் உள்ள எல்லாம் அழியும். படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். போனை அணைத்து, பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை வரும்; கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை தரும் நிலை இது. கணினியில் அந்தக் கட்டளைகளை அனுப்பும் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் இருக்க வேண்டும். போனை கேபிளில் இணைத்து, கணினியின் கட்டளைத் திரையில் 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' (fastboot devices) என்று கொடுத்தால் போனின் சீரியல் எண் வர வேண்டும். ஒன்றும் வரவில்லையா? பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், அல்லது விண்டோஸில் கூகுள் யூஎஸ்பி டிரைவர் இல்லை. எண் வந்தபின் 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்' (fastboot flashing unlock) கொடுங்கள். போன் திரையில் வால்யூம் பட்டனால் அன்லாக்கைத் தேர்ந்து, பவரை அழுத்துங்கள். இனி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். அது கோளாறு அல்ல.

கேள்வி: அன்லாக் செய்து லினேஜ் போட்டபின் என் வங்கி ஆப் திறக்கவில்லை. திரும்ப லாக் செய்தால் போதுமா?

பதில்: லினேஜ் இருக்கும்போது லாக் செய்யாதீர்கள்! கூகுளின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத லினேஜை லாக் ஆன பூட்லோடர் ஏற்றாது. போன் பூட் ஆகாமல் நின்றுவிடும். கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஃப்ளாஷ் டூல்' வழியாக முதலில் கூகுளின் அசல் சிஸ்டத்தை முழுதாகப் போடுங்கள். பிக்சல் 6-க்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத தடை பூட்லோடரில் சேர்ந்தது. ஆகவே ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்ப முயலாமல் புதிய பதிப்பையே எடுங்கள். ஒருமுறை ஒழுங்காக பூட் ஆவதைப் பார்த்த பிறகே 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் லாக்' (fastboot flashing lock) கொடுங்கள். அப்போதும் எல்லாம் ஒருமுறை அழியும்.