கேம்பிங்ல தார்ப்பாய் கட்ட, நீளம் மாத்துற கம்பு வீட்லயே செய்யலாமா?

செய்யலாம், பெரிய வேலையே இல்ல. ஒரு பைப்புக்குள்ள இன்னொரு பைப் போய்வரும், அவ்ளோதான், ஒட்டடைக் குச்சியை இழுத்து நீட்டுறோமே அதே மாதிரி. 1 மிமீ கனத்துல 25 மிமீ அலுமினிய பைப் ஒண்ணு, உள்ள போக 22 மிமீ ஒண்ணு, ரெண்டும் 1.2 மீட்டர். உள் பைப்புல 10 செ.மீ.க்கு ஒரு இடத்துல குறுக்கால ஓட்டை, வெளி பைப்போட வாய்கிட்ட ஒரே ஒரு ஓட்டை, நேரா வச்சு போல்ட்டை சொருகிடுங்க. எவ்ளோ நீட்டினாலும் 30 செ.மீ. உள்ளயே இருக்கணும், இல்லன்னா ஜாயின்ட்ல ஆடி மடங்கிடும்.

ஏன் மாத்தணும்னா, காத்தடிச்சா தாழ்த்தணும், மழைன்னா ஒரு பக்கம் இறக்கினாத்தான் தண்ணி தேங்காம வடியும், தரையும் எங்கயும் சமமா இருக்காது பாருங்க. அதோட கம்போட நீளம் டபுள் ஆனா அது வளையாம தாங்குற பாரம் கால்வாசியாயிடும், சும்மா உயரமா இருக்கட்டுமேன்னு நீட்டாதீங்க.

மண்ணுல ஆழமா புதைச்சாத்தான் கம்பு நிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அதை நிமிர்த்தி வச்சிருக்கிறது எதிரெதிரா இழுத்துக் கட்டுற கயிறும் தார்ப்பாயும்தான், கம்பு பாரத்தை மட்டும் கீழ இறக்குது.