செய்தி வாசிப்பாளர் பயிற்சிக்கு 60,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க ஆசை. 3 மாதப் பயிற்சிக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? நிருபராகச் சேர்ந்தால் கடைசிவரை வெயிலில்தான் அலைய வேண்டும் என்கிறார் அப்பா. உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

கட்டாதீர்கள். எந்தப் பயிற்சி மையத்துக்காகவும் எந்தத் தொலைக்காட்சியும் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதில்லை. ஒப்பனை போட்டு, பச்சைத் திரைமுன் உங்களை நிறுத்தி ஒரு காணொளி எடுத்துத் தருவார்கள். நேர்காணலில் அதை முழுதாகப் பார்த்த செய்தி ஆசிரியரை நான் கண்டதில்லை.

அப்பா வெயிலைப் பற்றிச் சொன்னது சரி. 'கடைசிவரை' என்றதுதான் சரியில்லை. இன்று அந்த நாற்காலிக்கு நல்ல வழி, வெயில் வழிதான். காரணம் இருக்கிறது. வாசிப்பாளர் குனியாமல் நேராகப் பார்த்துப் படிப்பது டெலிபிராம்ப்டர் தயவில். கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்வாக வைத்த கண்ணாடியில் வரிகள் ஓடும். வாசிக்கத் தெரிந்த யாரும் சில வாரங்களில் இதற்குப் பழகிவிடலாம். ஆனால், திடீர்ச் செய்தி வரும்போது அந்தக் கண்ணாடியில் எதுவும் இருக்காது. காதுக்குள் தயாரிப்பாளர், "நிருபர் இன்னும் லைனில் வரவில்லை, இரண்டு நிமிடம் பேசுங்கள்" என்பார். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் சம்பளம். ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் அரசு மருத்துவமனையும் அலைந்து பார்த்தவருக்கு அப்போது பேச விஷயம் இருக்கும். மற்றவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று. நாளிதழில் ஒரு நீண்ட செய்தியை எடுத்து, காதுக்காகத் திருப்பி எழுதுங்கள். 'நேற்று முன்தினம் பெய்த கனமழையால் பாதிக்கப்பட்ட தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பள்ளிகளில் தங்க வைக்கப்பட்டனர்' என்பதைக் கண் படித்துவிடும், காது பாதியில் தொலைத்துவிடும். 'தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர். மக்கள் இப்போது பள்ளிகளில் தங்கியிருக்கிறார்கள்.' இப்படி உடையுங்கள். பிறகு கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். 'மழை' 'மளை'யாகிறதா, 1,37,450 என்ற எண்ணில் நாக்கு தடுக்குகிறதா என்று பாருங்கள். முகவெட்டைப் பற்றிய கவலையை ஒப்பனைக்காரரிடம் விட்டுவிடலாம்.

தூர்தர்ஷன், வானொலியின் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர் அறிவிப்புகளையும் கவனியுங்கள். குரல் தேர்வோடு எழுத்துத் தேர்வும் உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கத்தில்தான் பலர் தோற்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. மாவட்ட நிருபர் என்ற பெயரில் அடையாள அட்டை கொடுத்து, செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் இடங்கள் பல. பயண, பெட்ரோல் செலவு யாருடையது என்று கேட்காமல் சேராதீர்கள். அட்டைக்கே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இயற்பியலைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு எழுதியதுபோல் தோன்றியது. உங்கள் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். 'அணு உலை நிறுத்தம்' என்று செய்தி வந்தால் பல செய்தி அறைகள் பதறும். அது பராமரிப்பா, பழுதா என்று பிரித்துச் சொல்ல ஆள் தேடும். மூன்றையும் பற்றித் தலா ஒரு நிமிடம் எழுதிப் பேசிப் பதிவு செய்து, நேர்காணலுக்கு அதை எடுத்துச் செல்லுங்கள்.