பகி வேரியேட்டரும் கிளட்சும்: எந்தக் கோளாறுக்கு எதைத் தொடுவது?

வந்த கேள்விகள் பெரும்பாலும் 150 சிசி ஜிஒய்6 எஞ்சின் பூட்டிய, பின்அச்சுக்குச் செயின் போகும் பகிகளைப் பற்றியவை. பகி என்பது கரடுமுரடான தரையில் ஓட்டும் சின்ன நான்கு சக்கர வண்டி. கியர்லெஸ் ஸ்கூட்டரில் இருக்கும் அதே வகைப் பெல்ட்டும் வேரியேட்டரும்தான் (வேகத்துக்கு ஏற்ப விரிந்து மூடி கியர் விகிதத்தை மாற்றும் முன்புல்லிதான் வேரியேட்டர்). ஆனால் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஓடுவதும் மணலிலும் சேற்றிலும்.

பதில்களுக்கு முன் ஒரு விஷயம். வேகம் ஏறும்போது எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) நிற்கும் என்பதை முக்கியமாக வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்களின் எடை தீர்மானிக்கிறது. கிளட்சுக்கும் பின்புல்லிக்கும் நடுவே இருக்கும் பெரிய ஸ்பிரிங், மேட்டில் பெல்ட் எவ்வளவு சீக்கிரம் 'லோ'வுக்கு, அதாவது இழுவை அதிகமுள்ள விகிதத்துக்கு, திரும்பும் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. கிளட்ச் ஷூவில் (சுற்றும் வேகத்தில் விரிந்து பிடிக்கும் கட்டைகள்) மாட்டிய மூன்று சின்ன ஸ்பிரிங்குகளின் வேலை, வண்டி எப்போது நகரத் தொடங்கும் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒன்றின் கோளாறுக்கு இன்னொன்றை மாற்றுவதில்தான் பணம் வீணாகிறது.

சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. மேடு வந்தால் எஞ்சின் அமுங்கி நடை வேகத்துக்கு வந்துவிடுகிறது. எத்தனை கிராம் ரோலர் போடலாம்?

முதலில் அளந்து பாருங்கள். பிளக் ஒயரில் சுற்றிவிடும், ஆர்பிஎம் காட்டும் சின்ன டேகோமீட்டர் போதும். கெட்டியான, நேரான தரையில் மிதியை முழுதாக அழுத்துங்கள். வண்டியின் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆர்பிஎம் மட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அந்த எண்தான் வேண்டியது. கை வைக்காத 150 சிசி எஞ்சினில் அது 7000-ஐ ஒட்டி இருந்தால் சரி. 5000, 5500-இல் நின்றால் ரோலர் கனம். 8000-ஐத் தாண்டி அலறியும் வேகம் ஏறவில்லை என்றால் ரோலர் லேசு, அல்லது பெல்ட் வழுக்குகிறது.

உள்ளே 18×14 மி.மீ. அளவில் 6 ரோலர்கள் இருக்கும். 13 கிராம் இருந்தால் 12, போதவில்லை என்றால் 11 என்று ஒவ்வொரு கிராமாக இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே தரை, அதே ஆள். 12 கிராம் கிடைக்காவிட்டால் 13-இல் மூன்றும் 11-இல் மூன்றும் எடுத்து ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கலாம்; கணக்கில் வருவது மொத்த எடைதான். பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பாமல் ஒவ்வொன்றையும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். பழைய ரோலரைத் தரையில் உருட்டும்போது தடுக்கித் தடுக்கி ஓடினால் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எடையை ஆராய்வது வீண், முதலில் செட்டை மாற்றுங்கள்.

பெரிய டயர் போட்ட பிறகு வந்த கோளாறு என்றால் ரோலர் ஓரளவுக்குத்தான் உதவும். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டுவதுதான் நேரான வழி.

பெரிய ஸ்பிரிங்கையும் சின்ன ஸ்பிரிங்குகளையும் 2000 ஆர்பிஎம் வகைக்கு மாற்றினேன். நகரும்போது எகிறுகிறது, டாப் ஸ்பீடும் குறைந்துவிட்டது.

ஸ்பிரிங்கில் போட்டிருக்கும் 1000, 1500, 2000 என்பதெல்லாம் விறைப்பின் தரம். கிளட்ச் அந்த ஆர்பிஎம்மில் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. சின்ன ஸ்பிரிங் விறைத்தால் ஷூ தாமதமாக விரியும். எஞ்சின் வேகமெடுத்த பிறகு ஒரேயடியாகப் பிடிப்பதால் எகிறல். பாறையிலும் மேட்டிலும் மெதுவாக ஊர்ந்து போகிறவர்களுக்கு இது கிளட்சை எரிக்கும் ஏற்பாடு. பெரிய ஸ்பிரிங் விறைத்தால் பின்புல்லி முழுதாக விரியாது, பெல்ட்டும் சூடாகும். இரண்டையும் 1000-க்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஆர்பிஎம் விழுந்து மீளத் தாமதமானால் மட்டும் பெரியதை 1500 ஆக்கலாம்.

டாப் ஸ்பீடுக்கு ஒரு சோதனை: முன்புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து, மூடி, முழு வேகத்தில் ஓட்டிவிட்டுத் திறங்கள். பெல்ட் போன இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பை நெருங்காமல் விரற்கடை அகலத்துக்கு மை மிச்சமிருந்தால் வேரியேட்டர் முழுதாக மூடவில்லை.

கழற்றும்போது கவனம்: கிளட்சின் பெரிய நட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை அழுத்திப் பிடிக்காமல் நட்டை விட்டால் முகத்துக்கு வரும்.

ரோலருக்கு கிரீஸ் வைக்கலாமா?

ஜிஒய்6-இல் வேண்டாம், உலர்வாகவே ஓடட்டும். கிரீஸ் வைக்கச் சொல்லும் ஸ்கூட்டர்கள் உண்டு. அவற்றின் மூடியில் சீல் இருக்கும். இதில் கிரீஸ் வெளியே தெறித்துப் பெல்ட்டில் படும்.

மூன்று மாதத்தில் இரண்டு பெல்ட் போய்விட்டது. வேரியேட்டர் நட்டும் தானாகத் தளர்ந்திருந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். மாட்டும்போது பெல்ட் முன்புல்லியின் இரு பாதிக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், நட்டு இறுகுவது பெல்ட்டின் மீது. நடுவில் இருக்கும் புஷ் மீது இறுக்கம் விழுவதே இல்லை. ஸ்பானருக்கு 'டைட்' என்று தோன்றும். எஞ்சின் சுற்றியதும் பெல்ட் நகர்ந்துவிடும், நட்டு லூசாகும், கிராங்க் முனையின் ஸ்ப்லைன் (புல்லியைப் பிடிக்கும் பல்வரிகள்) தேய்ந்துபோகும். பெல்ட்டோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

சரியான முறை: பின்புல்லியை இரு கையாலும் விரித்து பெல்ட்டை அதன் அடிவரை அழுத்திவிடுங்கள். முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று கிடக்கும். அப்படியே முன்புல்லி முகத்தை மாட்டி, அது ஸ்ப்லைனில் ஏறி புஷ்வரை போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, டார்க் ரெஞ்சில் 55 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் முன்பக்கம் பெல்ட் தொய்வாக இருந்தால் வேலை சரி. புல்லி சுற்றாமல் பிடிக்க ஃபேன் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்காதீர்கள், இறக்கை உடையும்.

பெல்ட் அளவும் பாருங்கள். 842-20-30 என்றால் நீளம் 842 மி.மீ., அகலம் 20 மி.மீ., கோணம் 30 டிகிரி. 743, 835 நீளங்களும் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. அகலம் 19 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பெல்ட் போடும்முன் இரு புல்லிகளையும் பிரேக் கிளீனரால் துடைத்து, உங்கள் விரல்தடம்கூட இல்லாமல் விடுங்கள். சேற்றுக்குள் போகிறவர்கள் பெல்ட் மூடிக்குக் காற்று போகும் வழியிலுள்ள ஸ்பாஞ்சையும் அடிக்கடி கழுவ வேண்டும்.

நகரும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறது.

ஷூ லைனிங் கண்ணாடிபோல் மின்னுகிறதா பாருங்கள். 100 எண் உப்புத்தாளால் ஷூவையும் அதை மூடியிருக்கும் கிண்ணமான பெல்லின் உள்பக்கத்தையும் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். தூசியை மூச்சில் இழுக்காமல் முகமூடி கட்டாயம். லைனிங் 2 மி.மீ.க்குக் கீழ் என்றால் தேய்ப்பதில் பயனில்லை. பெல்லில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அது சூட்டில் வளைந்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் கசிகிறது. அதை விட்டுவிட்டு லைனிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி இதே வேலைதான்.

மிதியில் கால் வைக்காமலே வண்டி ஊர்கிறது.

ஐடில் (மிதியை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் ஆர்பிஎம்) அதிகம், அல்லது ஷூவின் சின்ன ஸ்பிரிங் ஒன்று அறுந்திருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு ஐடிலை 1500 முதல் 1700-க்குள் வையுங்கள். அதன் பிறகும் ஊர்ந்தால் கிளட்சைத் திறந்து, ஸ்பிரிங்குகளை மூன்றாகவே மாற்றுங்கள். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால் ஷூக்கள் சமமாக விரியாமல் அதிர்வு தொடங்கும். அதுவரை பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்தே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.