பேரன் பள்ளியில் பேசுவதில்லை

கேள்வி: என் மகன் குடும்பத்துடன் ஜப்பானின் யோகோஹாமாவில் குடியேறி நான்கு மாதங்களாகின்றன. இங்கே ராயபுரத்தில் ஓயாமல் பேசிய என் ஏழு வயதுப் பேரன், அங்கே பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் தமிழை நிறுத்திவிடலாமா என்று மருமகள் கேட்கிறாள்.
– ஒரு பாட்டி, ராயபுரம்

பதில்: தமிழை நிறுத்த வேண்டாம், அம்மா. புதிய மொழிக்குள் நுழையும் குழந்தைகள் பலர் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மௌனத்திலும் மொழி சேர்ந்துகொண்டுதான் இருக்கும். வாசலில் காலணியை மாற்றி உள்காலணி அணிவது, வெள்ளை மேலங்கியுடன் சக மாணவர்களுக்கு மதிய உணவு பரிமாறுவது, வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பது என அங்குள்ள தொடக்கப்பள்ளி நாளில் பேச்சில்லாமலே கலந்துகொள்ளக்கூடிய வேலைகள் நிறைய இருப்பதால், அவற்றை அவன் செய்கிறானா என்பதையே முதலில் ஆசிரியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். (பெருக்கும் பழக்கம் ஊர் திரும்பும்போதும் தொடர்ந்தால் உங்களுக்கு லாபம்.) பள்ளி உணவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இடம்பெறக்கூடும், தவிர்ப்பவர்களாயின் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

அங்கே மாலை நான்கு மணியாகும்போது நமக்குப் பகல் பன்னிரண்டரை. அந்நேரம் அழைத்து, “பள்ளியில் பேசினாயா?” என்று கேட்காமல், காசிமேட்டில் அன்று வந்த மீனைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் தமிழிலும் பேச்சு குறைந்தாலோ, உறக்கமும் உணவும் கெட்டாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.