ஃபில்டர், குத்துப்பாட்டு, வட சென்னை: பெற்றோர் கேட்டவை

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோகூட எடுக்க விடுவதில்லை. "நான் கறுப்பு" என்று அழுகிறாள். சிவப்பழகு கிரீம் ஒன்றை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். (காசிமேடு)

முதலில் அந்த டப்பாவைப் பாருங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே போடாத கிரீம் என்றால் தூக்கிப் போடுங்கள். இப்படி விற்பவை சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலியும், பரு கிளம்பும், நிறுத்தினால் சிவந்து எரியும். பல வாரம் பூசியிருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுத்து, என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். மூக்கு ஒடுங்கியிருக்கும், தாடை சுருங்கியிருக்கும், கன்னத்து மச்சம் காணாமல் போயிருக்கும். இதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி.

கறுப்பாக இருப்பவர்களைச் சோகமாகவோ, வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆகாதவர்களாகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இலேயே விதி போட்டுவிட்டது. மீறும் விளம்பரத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் அங்கே இலவசமாகப் புகார் செய்யலாம். ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. சீரியல் கதாநாயகிகளைப் பார்த்தால் வேறு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை!

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டினால், அவள் காதில் விழும்படி அங்கேயே மறுத்துப் பேசுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

யுஏ 16+ படத்துக்கு ஒன்பது வயதுப் பெண்ணை அழைத்துப் போகலாமா? (கொருக்குப்பேட்டை)

வேண்டாம். 2024 முதல் யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாக வருகிறது. இவை பெற்றோருக்கான அறிவுரைதான், சட்டத் தடை இல்லை. முடிவைப் பெற்றோரிடம் விட்டிருக்கிறார்கள். 'ஏ' படத்துக்கு மட்டும்தான் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளே விடக்கூடாது.

பள்ளி ஆண்டுவிழாவில் நான்காம் வகுப்புப் பெண்களுக்கு ஒரு ஐட்டம் பாட்டு. கேட்டால், "எல்லாரும் டிவியில ஆடறதுதானேம்மா" என்கிறார் டீச்சர். (வியாசர்பாடி)

ஆட்டத்தில் தப்பே இல்லை. கானாவும் குத்தும் நம் தெருவில் ஊறியவை. கல்யாண வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை ஆடுகிறோம். பெரிய பெண்ணுக்கென்று அமைத்த இடுப்பசைவையும் உதட்டுக் கடிப்பையும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கைதட்டல் வாங்குவதுதான் கோளாறு. டீச்சர் சொல்லும் டிவிக்கே இது கூடாது என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஹெச்.எம்.மிடம் பேச நல்ல பிடி. தனியாகப் போகாதீர்கள், நாலு அம்மாக்களாகப் போங்கள், மாற்றுப் பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

"வட சென்னைப் பொண்ணா? சண்டைக்காரியா?" என்று டியூஷனில் கேலி. மகள் ஊர்ப்பேர் சொல்லவே கூசுகிறாள். (திருவொற்றியூர்)

இது சினிமா நமக்குக் கொடுத்த சீர்வரிசை! அரிவாள், கஞ்சா, வாய்க்கு வந்தபடி ஏசும் பெண். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அதைச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால், ஜெயித்தால்தான் மரியாதை என்று ஆகிவிடும். அடுத்த படம் பார்க்கும்போது, நம்ம ஏரியாப் பெண்ணுக்கு எத்தனை வசனம், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். பாதிப் படங்களில் அவளுக்கு வேலையே இருக்காது.

14 வயது மகள் போட்ட ரீலை எவனோ எடுத்து ஆபாசமாக மாற்றிப் போட்டிருக்கிறான். போனைப் பிடுங்கிவிட்டோம். (பெரம்பூர்)

போனைத் திருப்பிக் கொடுங்கள். தப்பு அவளுடையதல்ல. லிங்க், ஐடி, தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் குடும்ப குரூப்பில்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஆபாசப் படத்தைப் பரப்புவது ஐடி சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலேயே புகார் தரலாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். சிறுவர், சிறுமியரின் ஆபாசப் படங்களை இணையத்திலிருந்து நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' சேவையில் பதிந்தால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் மறுபடி ஏறாமல் தடுக்க உதவும். ஸ்டேஷனுக்குப் போனால் பேர் வெளியே வந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவே சொல்கிறது.