காலநிலை, நிலைத்தன்மை படிக்கும் மாணவர்களுக்கு வேலையும் ஆராய்ச்சியும் எங்கே இருக்கின்றன?

காலநிலையும் நிலைத்தன்மையும் படிக்கும் மாணவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும், ஆராய்ச்சிக்குள் எப்படி நுழைவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைத் தளங்களில் ‘காலநிலை’ என்று தேடினால் பத்து விளம்பரம்கூட வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதில்தான் சிக்கல். இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகளின் பெயரில் அந்தச் சொல்லே இருக்காது. நான் பார்க்கும் வேலைக்குப் பெயர் நீரியல் பகுப்பாய்வாளர். இன்னும் முப்பது, நாற்பது வருடத்தில் ஓர் ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரம் வரும், அங்கே கட்டப்போகும் பாலத்தை எவ்வளவு தூக்கிக் கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் நாள் முழுக்க வேலை. மின்கட்டமைப்பு நிறுவனத்தில் உட்கார்ந்து நாளைக்குக் காற்றாலைகள் எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணிப்பவர், காப்பீட்டு நிறுவனத்தில் புயல் இழப்பைக் கணக்கிடுபவர், நகரத் திட்டமிடலில் எந்தத் தெரு எவ்வளவு சூடாகிறது என்று வரைபடம் போடுபவர், எல்லாரும் இதே துறைதான். காப்பீட்டுக்காரர்கள் இதைப் ‘பேரிடர் மாடலிங்’ என்பார்கள். அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள், விளம்பரங்கள் வரும்.

அதனால் நான் முதலில் சொல்வது, அக்கறையோடு கையில் ஒரு வித்தையும் வேண்டும். புள்ளியியல், நிரலாக்கம், சட்டம், கணக்கியல், மண்ணியல், எதுவாகவும் இருக்கலாம். இயற்பியலோ கணிதமோ படிக்கிறவர்கள் ‘இது சுற்றுச்சூழல் துறைக்காரர்களுக்கு’ என்று ஒதுங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 2021-ல் இயற்பியல் நோபல் பரிசின் பாதி, பூமியின் காலநிலையைக் கணித மாதிரியாக்கிய சுயுகுரோ மனாபேக்கும் கிளாஸ் ஹாசல்மானுக்கும்தான் போனது.

சட்டம் படிக்கிறவர்களுக்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. 2019-ல், பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் இருக்கும் தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்கள் ஒரு யோசனையோடு கிளம்பினார்கள். காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்க வைக்க வேண்டும் என்பதுதான் அந்த யோசனை. பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐநா பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது: நாடுகளுக்குக் கடமை இருக்கிறது, அதை மீறினால் இழப்பீடு வரைக்கும் போகலாம். ஆறு வருடத்தில், மாணவர்களால் தொடங்கியது இது. மாணவர்களுக்கு இந்தத் துறையில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்கு, அதாவது ஒரு நிறுவனத்தால் எவ்வளவு பசுமைக்குடில் வாயு வெளியேறுகிறது என்ற கணக்கு, இன்னொரு பெரிய வாசல். புதிதாகப் படித்து வருகிறவர்கள் பலருக்கும் முதல் வேலை இங்கேதான் கிடைக்கிறது. 2001-ல் வந்த ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற கணக்கீட்டு விதிமுறைதான் இதன் அடிப்படை. நிறுவனம் தானே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மற்றதெல்லாம் (மூலப்பொருள், போக்குவரத்து, ஊழியர் பயணம் என்று 15 வகை) ஸ்கோப் 3. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். ஆக, பெருக்கல் சுலபம். அந்த லிட்டர் எண்ணிக்கையைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையே.

என் முதல் இன்டர்ன்ஷிப் இப்படி ஒரு கன்சல்டன்சியில்தான். ஒரு கிளையின் ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் ரசீதுகளில் நான்கு மாதத்துடையது இல்லை. எக்செல்லில் அந்த நான்கு கட்டங்களும் காலி. காலிக் கட்டத்தைக் கூட்டல் பூஜ்யமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மற்ற மாதங்களை வைத்து மதிப்பிட்டு, இது மதிப்பீடு என்று கீழே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கடைசியாகப் போன அறிக்கையில் மதிப்பீடும் இல்லை, குறிப்பும் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்யும் ஆட்கள் நிறைய வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன். நேர்காணலில் கடைசியில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ‘தரவு விடுபட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

சரி, ஆராய்ச்சி. முனைவர் பட்டத்துக்கு அப்புறம் பல இடங்களில் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தங்களாகத்தான் வேலை அமையும். நிரந்தர இடம் கிடைக்க நாளாகும். இதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் எட்டிப் பார்ப்பதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐநா குழுவான ஐபிசிசியின் அறிக்கை வரைவுகளை நிபுணர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். தனக்கு என்ன துறை தெரியும் என்று தானே எழுதிப் பதிவு செய்தால் போதும். அதன் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையில் அறிவியல் பகுதிக்கு மட்டும் வந்த கருத்துகள் 78,000-க்கு மேல். அதில் ஆரம்பநிலை ஆய்வாளர்கள் குழுவாகச் சேர்ந்து படித்து எழுதியவையும் உண்டு. முனைவர் பட்ட மாணவரானதும், வியன்னா அருகே இருக்கும் ஐஐஏஎஸ்ஏ என்ற சர்வதேச ஆய்வு நிறுவனம் 1977 முதல் நடத்தும் மூன்று மாத கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2007-ல் கிடைத்த அமைதி நோபல் பரிசுப் பணத்தில் ஐபிசிசி தொடங்கிய உதவித்தொகை, வளரும் நாடுகளின் முனைவர் பட்ட மாணவர்களுக்கு.

இளங்கலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே ஒரு தரவுத்தொகுப்பை எடுத்து அடி முதல் நுனி வரை பழகிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் ஈஆர்ஏ5 இலவசம். பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்துத் தயாரித்த தரவு அது. 1940 முதல், உலகம் முழுமைக்கும், மணிக்கு மணி வெப்பநிலை, காற்று, மழை எல்லாம் சுமார் 31 கிலோமீட்டர் கட்டங்களில் கிடைக்கும். கணக்கு ஒன்று திறந்துகொண்டு, பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

நான் முதன்முதலில் மழைத் தரவை இறக்கியபோது 0.0004, 0.0011 என்றே வந்துகொண்டிருந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இறக்கினேன். மூன்றாம் நாள் விளக்க ஆவணத்தைப் படித்தபோதுதான் புரிந்தது, அதில் மழை மீட்டரில் இருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர். வெப்பநிலை கெல்வினில் இருக்கும். நேரம் உலகப் பொதுநேரத்தில் இருக்கும், அதைக் கவனிக்காமல் கூட்டினால் ஒரு நாள் மழை அடுத்த நாளுக்குப் போய்விடும். இதையெல்லாம் சரிசெய்து, நான் படித்த துறையில் இருந்த மழைமானியின் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். சாதாரண நாட்களில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் மழைமானி 140 மில்லிமீட்டர் காட்டிய ஒரு நாளில் ஈஆர்ஏ5 அறுபது சொச்சம்தான் காட்டியது. ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான், அதனால் ஓரிடத்தில் கொட்டித் தீர்த்த மழை அந்தப் பரப்பு முழுக்கப் பரவி மெலிந்துவிடுகிறது. அது தெரிந்த பிறகும், இந்தத் தரவை நம்பி வெள்ளக் கணக்குப் போட்டால் பாலத்தின் உயரம் என்னாகும் என்ற கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன்னால் ஏழெட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ‘காலநிலை மாற்றத்தில் மிகுந்த ஆர்வம் உடையவன், தங்கள் வழிகாட்டுதலில் பணியாற்ற விரும்புகிறேன்’ என்ற வகை. ஒருவரும் பதில் போடவில்லை. இந்த முறை ஒரு பேராசிரியருக்கு ஐந்தே வரி எழுதினேன்: உங்கள் கட்டுரையில் கனமழை நாட்களைத் தனியாகப் பிரித்திருக்கிறீர்கள், அதே முறையை எங்கள் மழைமானியில் பத்து வருடத்துக்குச் செய்து பார்த்தேன், 100 மில்லிமீட்டர் தாண்டிய எல்லா நாளிலும் ஈஆர்ஏ5 குறைத்தே காட்டுகிறது, வரைபடம் இணைத்திருக்கிறேன், நான் எங்காவது தவறு செய்திருக்கிறேனா?

அன்று மாலையே பதில் வந்தது. தவறு ஒன்று இருந்தது. மழைமானியில் காலை எட்டரைக்கு அளவெடுப்பார்கள், நான் நள்ளிரவிலிருந்து கூட்டியிருந்தேன். அதைத் திருத்திய பிறகும் இடைவெளி இருந்தால் திங்கட்கிழமை ஆய்வகக் கூட்டத்துக்கு வரைபடத்தோடு வரச் சொல்லியிருந்தார். திருத்தினேன், இடைவெளி இருந்தது, போனேன்.